நீச்சல் தடாகமும் குளோரீன் உறுத்தலும்

(நமது சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விடயம் இம்மண்டபத்துக்குச் சற்றுப் புதியது. சமயமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு நீச்சல் தடாகத்து நீரைப் பற்றிய பேச்சு என்ன சுவை தரும் என்று சிலர் எண்ணலாம். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் எமது கைக்கு வந்த ஒரு கடிதமே இப்பேச்சுக்குக் காரணமாயிற்று. முதலில் அதனைக் கூறிவிடுகிறோம்.

அவ்விடுமுறையில் நமது சங்கத்து இளைஞர் இருபத்துநால்வரை நீச்சல் பழக்குவதற்காகக் கூரையிட்ட ஒரு தடாகத்துக்கு அழைத்துச் சென்றோம். பத்து நாட் பயிற்சி. தடாகத்தின் பெயரை இங்கே கூறுவது முறையன்று, கூறவேண்டிய தேவையுமில்லை. ஏனெனில், குற்றம் பெரும்பாலும் எம்முடையதே என்பது பின்னர் தெளிவாயிற்று. மூன்றாம் நாள் மாலை பிள்ளைகள் கரையேறியபோது பலருக்குக் கண்கள் செவ்வரத்தம்பூப் போலச் சிவந்திருந்தன. சிலர் ஓயாது தும்மினர். சிலருக்கு வறட்டிருமல். ஒரு பையனுக்குக் கழுத்தடியிலும் முழங்கை மடிப்பிலும் தோல் தடித்துத் தினவெடுத்தது. மறுநாட் காலை அவனுடைய தாயாரிடமிருந்து கடிதம் வந்தது. மகனுக்குக் குளோரீன் ஒத்துக்கொள்ளவில்லை, அவனுக்கு அலேர்ஜி, இனி அவனை நீச்சலுக்கு அனுப்பமாட்டேன், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். செய்தி பரவிற்று. அதே காரணத்தைச் சொல்லி மேலும் நால்வர் நின்றுவிட்டனர்.

நீச்சல் பழகாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நாம் வாழ்வது ஒரு தீவு. எப்பக்கம் திரும்பினாலும் கடல். உள்ளே வந்தால் குளம், கேணி, ஆறு, கட்டில்லாத தோட்டக் கிணறு. ஒரு பிள்ளையைத் தடாகத்துக்கு அனுப்பாமல் வைத்திருக்க எம்மால் முடியும். குளத்தங்கரைக்கும் கடற்கரைக்கும் போகாமல் வைத்திருக்க எத்தாயால் முடியும்? 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே, ஒரு பிள்ளைக்கு “உனக்கு அலேர்ஜி” என்று பெயர் சூட்டி நீச்சலினின்றும் விலக்குவது சிறு காரியமன்று. அப்பெயர் பொருந்துமா என்று முதலிற் பார்க்கவேண்டும்.

ஒவ்வாமை என்பது யாது? உடம்பைக் காக்க அமைந்த நோயெதிர்ப்புத் தொகுதி, தீங்கற்ற ஒரு பொருளைப் பகையென்று பிழையாக எண்ணி, அதற்கென்றே பிறபொருளெதிரி முதலியவற்றை ஆக்கி வைத்துக்கொண்டு, மறுமுறை அப்பொருள் வரும்போது போர் தொடுப்பது. ஒருவருக்கு இறால், ஒருவருக்குக் கச்சான், ஒருவருக்குப் பெனிசிலின். மற்றவர்கள் வயிறார உண்ணும் இறாலில் ஒரு துண்டே அவருக்குப் போதும், உதடு வீங்கிவிடும். அஃதாவது, ஒவ்வாமை ஆளைத் தெரிந்து பிடிக்கும்.

உறுத்தல் அப்படியன்று. சின்ன வெங்காயம் உரிப்பவர் யாவருக்கும் கண்ணீர் வரும். அதற்காக நம் வீட்டுப் பெண்கள் தமக்கு வெங்காய ஒவ்வாமை இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில்லை. பொருளின் காரம் கூடினால் அகப்பட்டவர் எல்லாரையும் தாக்கும். குறைந்தால் ஒருவரையும் தாக்காது. தோல் வறண்டவரையும் தொய்வுக்காரரையும் சற்று முந்தித் தாக்கும், அவ்வளவே. அன்று மாலை யாம் எண்ணிப் பார்த்தபோது இருபத்துநால்வரில் பதினொருவருக்குக் கண் சிவந்திருந்தது. ஒரே நாளிற் பதினொரு பேருக்கு ஒரே ஒவ்வாமை பிறப்பது எங்ஙனம்? குளோரீனுக்கு நேரே எழும் மெய்யான ஒவ்வாமை மிக மிக அரிது என்பதும், தடாகங்களிற் பெரும்பாலும் காணப்படுவது உறுத்தலே என்பதும் மருத்துவர்களின் கருத்து.

இதனை அன்றைக்கு யாம் அறியோம். அறியாமையால் ஒரு காரியஞ் செய்தோம். அதனை மறைக்காமற் சொல்லவேண்டும். எம்மில் இருவர் தடாகத்தைப் பராமரிக்கும் முதியவரிடம் போய், “மருந்தை அளவுக்கு மிஞ்சிப் போட்டிருக்கிறீர்கள், மூக்கைத் துளைக்கிறது. பாதியாகக் குறையுங்கள்” என்று சற்றுக் கடுமையாகவே சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. “ஐயாமார், இந்த மணம் மருந்து கூடினதாலை வாறதில்லை; மருந்து காணாததாலை வாறது. உங்கடை பெடியள் பந்தடிச்ச வேர்வையோடை நேரே வந்து குதிக்கிறாங்கள். ஒருத்தனும் குளிச்சிட்டு இறங்கேல்லை. நான் போடுற மருந்து முழுக்க அவங்கடை வேர்வைக்கே போகுது” என்றார். எமக்கு அது வீம்புப் பேச்சாகவே பட்டது. வீடு சென்று நூல்களைப் புரட்டியபோதுதான், அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இரசாயனவியலுக்கு ஒத்ததென்று கண்டு வெட்கினோம்.

குளோரீன் என்பது மஞ்சள் கலந்த பச்சை நிறமுள்ள வாயு. சுவீடன் நாட்டு ஷீலே என்பார் 1774இல் அதனைப் பிரித்தெடுத்தார். அது ஒரு மூலகமென நிறுவி 1810இல் அதற்குப் பெயரிட்டவர் இங்கிலாந்தின் ஹம்பிரி டேவி. 1847இல் வியன்னா நகர மகப்பேற்று மனையில், மருத்துவர்கள் குளோரீன் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலிலே கை கழுவவேண்டுமென்று செம்மல்வைஸ் விதித்தபின் தாய்மாரின் மரணம் பெரிதும் குறைந்தது. 1915 ஏப்பிரல் 22இல் பெல்ஜிய நாட்டு ஈப்பர் நகருக்கருகே அதே வாயுவைப் போரில் ஏவிப் போர்வீரரைக் கொன்றதும் உண்டு. குளோரீன் என்றவுடன் சிலர் அஞ்சுவதற்கு அந்நினைவே காரணம் போலும். ஆனால் தடாகத்து நீரில் இருக்கவேண்டிய அளவு ஓர் இலீற்றருக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் மட்டுமே.

அச்சிறு அளவு நீரிற் கலந்ததும் உபகுளோரசமிலம் ஆகிறது. கிருமியைக் கொல்வது அதுவே. அது தனித்து நிற்கும்வரை நீரில் நெடி மிகக் குறைவு. கண்ணையும் அதிகம் வருத்தாது. ஆனால் அது கிருமியை மட்டுந் தேடிப் போவதில்லை. வேர்வை, சிறுநீர், எண்ணெய், தோற்பொருக்கு என எது எதிர்ப்பட்டாலும் அதனோடு சேரும். வேர்வையிலும் சிறுநீரிலும் யூரியாவும் அமோனியாவும் உள. இவற்றில் உள்ள நைதரசனோடு குளோரீன் சேரும்போது குளோரமீன்கள் என்னும் புதுப் பொருள்கள் பிறக்கின்றன. அவற்றுள் பொல்லாதது முக்குளோரமீன். அது நீரில் நில்லாது. ஆவியாகி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நீந்துபவன் வாய் திறந்து மூச்சிழுக்கும் அதே இடத்திலே தங்கும். கண்ணெரிவு, மூக்கடைப்பு, இருமல் யாவும் பெரும்பாலும் இதன் வேலையே. திறந்தவெளித் தடாகமாயின் காற்று அள்ளிச் செல்லும். கூரையும் சுவரும் உள்ள இடத்தில், காற்றோட்டமும் குறைவாயின், அது போகும் வழி ஏது?

ஆகவே, நாம் “குளோரீன் மணம்” என்று மூக்கைப் பொத்துகிறோமே, அது பெரும்பாலும் குளோரீனின் மணமன்று. குளோரீனும் மனித அழுக்கும் சேர்ந்த மணம். நெடி வீசும் தடாகம் மிகச் சுத்தமான தடாகமென்று நம்மிற் பலர் நம்பியிருக்கிறோம். உண்மை அதற்கு நேர் எதிரானது.

சிறுநீர் என்ற சொல்லைச் சபையில் எடுத்ததற்குப் பெரியோர்கள் மன்னிக்க வேண்டும். பின்வரிசையிற் சில தம்பிமார் சிரிப்பது தெரிகிறது. அவர்களுக்காகவே இதனைச் சொல்கிறோம். கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குளிர்பானங்களிற் சேர்க்கும் ஒருவகைச் செயற்கை இனிப்பு உடம்பிற் சிறிதும் மாறாமற் சிறுநீரோடு வெளியேறும். தடாக நீரில் அவ்வினிப்பு எவ்வளவென்று அளந்தால் சிறுநீர் எவ்வளவென்று கணக்கிடலாமன்றோ? இரண்டு நகரங்களில் 31 தடாகங்களையும் வெந்நீர்த் தொட்டிகளையும் பார்த்தார்கள். அவ்வினிப்பு இல்லாத நீர் ஒன்றுமில்லை. ஏறக்குறைய எட்டு இலட்சத்து நாற்பதாயிரம் இலீற்றர் கொண்ட ஒரு தடாகத்தில் 75 இலீற்றர் சிறுநீர் இருந்ததாகக் கணக்காயிற்று. நாகரிகத்திற் சிறந்தவர்கள் என்று நாம் போற்றும் நாட்டின் நிலை இது. நமது இருபத்துநால்வரும் எத்தனை இலீற்றர் சேர்த்தார்கள் என்பதை யாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இவ்விடத்தில் நமது ஊர்க் கிணற்றடியை நினைத்துப் பாருங்கள். நாம் கிணற்றிலே குளிப்பதில்லை, கிணற்றடியிலே குளிக்கிறோம். துலாவால் அள்ளினாலும் பம்பியால் இறைத்தாலும், உடம்பிற் பட்ட நீர் வாய்க்கால் வழியே வாழைப்பாத்திக்கு ஓடும், கிணற்றுக்குள்ளே திரும்பாது. யாரேனும் ஒருவன் சவர்க்காரமுங் கையுமாகக் கிணற்றுக்குள் இறங்கினால் அயலவர் அவனைச் சும்மா விடுவார்களா? நீச்சல் தடாகமோ அனைவரும் உள்ளே இறங்கும் கிணறு. ஒருவர் உடம்பைத் தொட்ட நீரே அடுத்தவர் கண்ணையும் வாயையும் தொடுகிறது. வடித்துச் சுற்றி வந்தாலும் அதே நீர்தான். இதனை எண்ணாமல், ஊரிற் கிணற்றடியிலே கழுவும் அழுக்கை நகரத்திலே தடாகத்துக்குள்ளே கழுவப் போனோம்.

குடிநீர்க் கிணற்றுக்கு வெளிற்றும் தூள் இடும்போதும் இதே முறைப்பாடு எழுவதுண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தூளிட்டுப் போனபின் “தண்ணீர் மணக்கிறது” என்று இரண்டு நாளைக்கு அக்கிணற்றை ஒதுக்கும் வீடுகள் உண்டு. கிணற்றில் இலை, சருகு, சேறு முதலியன கூடியிருந்தால் மருந்தின் ஒரு பங்கு அவற்றுக்கே செலவாகிவிடும் என்பதையும் நினைவில் வைத்தல் நன்று.

இனி, நெடி எழுந்துவிட்ட தடாகத்துக்கு வைத்தியம் என்ன? யாம் கேட்டபடி மருந்தைக் குறைத்திருந்தால் நிலைமை இன்னும் கெட்டிருக்கும். குளோரமீன்களை உடைத்தொழிக்க மேலதிக குளோரீனே வேண்டும். சேர்ந்து நிற்கும் அளவைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு இடவேண்டும் என்பது தொழிலில் உள்ளோர் கைக்கணக்கு. ஆட்கள் இல்லாத இரவில் அதனைச் செய்து, காற்றைத் திறந்துவிட்டு, அளவு இறங்கியபின்னரே மறுபடி உள்ளே விடுவர். நீருக்குள் ஒரு குளிசையைக் கரைத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். முதற் குளிசை தனித்து நிற்கும் குளோரீனையும், அடுத்தது மொத்தத்தையும் காட்டும். இரண்டுக்குமுள்ள வித்தியாசமே குளோரமீன். அது இலீற்றருக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேற்போகலாகாது என்பது அமெரிக்க வழிகாட்டி நூலின் வரம்பு. பீ.எச். பெறுமானம் 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்கவேண்டும். ஏறினால் மருந்தின் வலிமை குன்றும், இறங்கினால் நீர் புளித்துக் கண்ணைக் கடிக்கும். இவற்றோடு, குளிக்க வரும் ஒவ்வொருவர்க்கும் முப்பது இலீற்றர் புதுநீர் நாடோறும் சேர்க்கவேண்டும் என்பதும் ஒரு விதி. நல்ல தடாகங்களில் இவ்வளவைகளை ஒரு பலகையில் எழுதி வைப்பார்கள். எழுதாத இடத்திற் கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு. எம்மைப் போல் அதட்டிக் கேட்கவேண்டியதில்லை.

மருந்து குறைவதாலும் தோலிற் பரு எழும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சூடோமோனாசு என்னும் பற்றீரியம் குளோரீன் குறைந்த வெதுநீரிற் பெருகி மயிர்க்கால்களிற் புகும். குளித்து ஓரிரு நாட் கழிந்தபின், குளியலுடை மூடியிருந்த இடத்திலே அதிகமாகச் சிவந்த பருக்கள் தோன்றும். இதனையும் “குளோரீன் அலேர்ஜி” என்றே நாம் சொல்வோம். மருந்து காணாமல் வந்த நோய்க்கு மருந்தின் மேற் பழி.

இவ்வளவு சொன்னதால், எல்லாம் வெறும் உறுத்தல், பொறுத்துக்கொண்டு நீந்துங்கள் என்று யாம் சொல்வதாகக் கருதவேண்டாம். நாள் முழுவதும் அக்காற்றையே சுவாசிப்பவர்க்கு அது நோயாக முற்றக்கூடும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர மருத்துவர்கள் 2002இல் மூவரைப் பற்றி எழுதினர்: இருவர் உயிர்காப்பாளர், ஒருவர் நீச்சல் ஆசிரியர். கூரையிட்ட தடாகத்துக் குளோரமீனாலேயே இவர்களுக்குத் தொய்வு உண்டாயிற்று. நீருக்குள் இறங்காமற் கரையில் நிற்பவர்க்கும் வந்ததெனின், காற்றே காரணமென்பது தெளிவு. பெல்ஜியத்தில் பெர்னார்ட் என்பாரும் அவர் குழுவினரும் 2003இல், அத்தகைய தடாகங்களுக்கு அடிக்கடி செல்லும் பள்ளிச் சிறுவரின் நுரையீரற் படலம் பாதிக்கப்படலாம் என்று கூறப் பெரும் அச்சம் எழுந்தது. பிரித்தானியாவில் 5,738 பிள்ளைகளைப் பிறப்பு முதல் பத்து வயதுவரை தொடர்ந்து பார்த்த ஆய்வோ, நீந்திய பிள்ளைகளுக்குத் தொய்வு கூடவில்லை, அவர்களின் நுரையீரல் சற்று நன்றாகவே வேலை செய்தது என்று 2011இல் முடிவு கூறியது. ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமுகப்படவில்லை. தொய்வுள்ள பிள்ளைக்கும் நீச்சல் நல்ல பயிற்சியே. வெதுவெதுப்பான ஈரக்காற்று ஓட்டத்தைவிட அவனுக்கு இதமானது. ஆனால் வாசலிலேயே நெடி அடிக்கும் கூரைத் தடாகத்தை அவன் தவிர்ப்பதே நன்று. இழுக்கும் மருந்து அவனுடைய பையில் அல்ல, கரையில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். இது எமது கருத்து.

வேறு சில உண்மையான ஒவ்வாமைகள் குளோரீனின் பெயரில் ஒளிந்து நிற்பதும் உண்டு. நீச்சற் கண்ணாடியின் விளிம்பு பட்ட இடத்தில் மட்டும் வட்டமாகத் தினவெடுத்தால், அந்த இறப்பரிற் சேர்ந்த இரசாயனத்தின்மேல் ஐயங்கொள்ளவேண்டும். குளிர்ந்த நீர் பட்டதும் உடம்பெங்கும் காஞ்சோன்றி பட்டாற்போலத் தடித்தெழுபவர் சிலர் உளர். இது குளிரால் வரும் தடிப்பு. கிணற்றுநீராயினும் ஆற்றுநீராயினும் வரும். இதனை அற்பமென்று விடலாகாது. உடம்பு முழுவதும் ஒருசேரக் குளிர்நீரில் அமிழ்ந்தால் இரத்த அமுக்கம் வீழ்ந்து நீருக்குள்ளேயே மயங்கக்கூடும். வைத்தியர் முன்கையிற் பனிக்கட்டியைச் சில நிமிடம் வைத்துப் பார்த்தே இதனை அறிந்துகொள்வார். உதடோ முகமோ வீங்கினாலும், மூச்சு இரைத்தாலும், தலை சுற்றினாலும் காரணத்தை விவாதித்துக்கொண்டு நில்லாமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

மற்றப்படி நீந்துவோர் செய்யவேண்டியது மிகச் சிறிது. இறங்குமுன் ஒரு நிமிடம் உடம்பு நனையக் குளித்தாலே அழுக்கிற் பெரும்பகுதி போய்விடும். தலைக்கு வைத்த எண்ணெயோடு இறங்குவதாயின் சவர்க்காரமும் வேண்டும். மலசலகூடத்துக்கு முன்னரே போய்வரவேண்டும். கண்ணாடி அணியவேண்டும். வெறும் நல்ல நீரிற்கூட நெடுநேரம் கண் திறந்திருந்தால் எரியும், கண்ணீரிலுள்ள உப்பு அதில் இல்லாமையால். கரையேறியதும் மறுபடி குளித்து, கரப்பன் உள்ள பிள்ளைகள் தோல் உலருமுன் வைத்தியர் சொன்ன களிம்பைப் பூசிக்கொள்ளவேண்டும்.

வீட்டிலிருப்போர்க்கும் ஒரு சொல். வெளிற்றும் தூளையோ அதன் திரவத்தையோ, மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து எழுவது மெய்யான குளோரீன் வாயு.

கடிதம் எழுதிய அத்தாயாரிடம் போனோம். எமது தவறையும் முதியவர் சொன்னதையும் ஒளிக்காமற் கூறினோம். அவர் மகனைத் தோல் வைத்தியரிடம் காட்டினார். சிறுவயதிற் கரப்பன் இருந்த தோல், வறட்சியால் சீக்கிரம் உறுத்தலுக்கு ஆளாகிறது, ஒவ்வாமை ஒன்றுமில்லை, நீந்தலாம் என்று அவர் சொல்லிவிட்டார். தாயாருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை, அது இயல்பே. வரும் மார்கழி விடுமுறைப் பயிற்சிக்குத் தாமும் கூடவந்து கரையில் இருந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நின்றுபோன மற்ற நால்வரின் பெற்றோரையும் இன்று இங்கே காண்கிறோம். கூட்டம் முடிந்ததும் அவர்கள் எம்மோடு கதைக்கலாம். பயிற்சிக்குப் பெயர் கொடுப்பவர்கள் செயலாளரிடம் இன்றே கொடுக்கவேண்டும். பந்தடி இம்முறை நீச்சலுக்குப் பின்னரே. சவர்க்காரம் அவரவர் கொண்டுவரவும்.